உளவளத்துணையின் செலவை யார் தாங்குவது?

உளவளத்துணை என்னும் சொல் எமது மாவட்டத்தில் இன்று பழக்கமான சொல்லாகிவிட்டது. பாடசாலைகளிலும் பிரதேச செயலகங்களிலும் உளவளத்துணைக்கென ஆட்கள் இருக்கின்றனர். துறவற சபைகளும் பெண்கள் அமைப்புகளும் இப்பணியைச் செய்து வருகின்றன. ஆயினும் இப்பணிக்கு ஒரு பொருளாதாரப் பக்கம் உண்டு என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. கண்ணீரைத் துடைப்பதற்கும் கணக்குப் பார்ப்பதா என்று கேட்போரும் உளர்.

லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் வரும் நல்ல சமாரியர் உவமையைச் சற்று நோக்குவோம். காயப்பட்டவரைச் சாவடிக்குக் கொண்டு சென்ற சமாரியர், மறுநாள் சாவடிக்காரரிடம் இரண்டு தெனாரியத்தைக் கொடுக்கிறார். மேலதிகமாகச் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் பொறுப்பேற்கிறார். இதில் மூன்று உண்மைகள் உள்ளன. பராமரிப்புக்குச் செலவு உண்டு. அச்செலவை எவரோ ஒருவர் கொடுத்தாக வேண்டும். அது காயப்பட்டவரிடம் கேட்கப்படவில்லை. இம்மூன்றையும் மனத்திற் கொண்டு, பொருளாதார மாற்றங்கள் உளவளத்துணைப் பணியை எவ்வாறு பாதிக்கின்றன என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. பணம் வந்த வழி

துன்பப்பட்ட மக்கள் ஆறுதல் தேடிச் செல்வது எமது மண்ணுக்குப் புதிதன்று. கோயிலில் வாக்குச் சொல்பவரிடமும் சோதிடரிடமும் குருவானவரிடமும் அவர்கள் சென்றுள்ளனர். தட்சணையாகவோ காணிக்கையாகவோ இயன்றதைக் கொடுத்துமுள்ளனர். பயிற்சி பெற்றவர்கள் சம்பளத்துக்குச் செய்யும் பணியாக உளவளத்துணை இங்கு வேரூன்றியது யுத்த காலத்திலாகும். 1996இல் அருட்தந்தை போல் சற்குணநாயகம் சே.ச. அவர்களும் கனடாவைச் சேர்ந்த கலைஞர் போல் ஹோகனும் இணைந்து மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இதற்கு ஒரு சிறந்த எடுத்துக்காட்டு. யுத்தத்தாற் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அங்கு ஒன்றாக விளையாடியும் கதை சொல்லியும் களிமண்ணால் உருவங்கள் செய்தும் மனந்தேறினர்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின் பின் நிலைமை மாறியது. நாவலடி, கல்லடி தொடங்கி வாகரை வரை கரையோரம் எங்கும் நிறுவனங்கள் வந்து குவிந்தன. பணம் நிறைய வந்தது. பயிற்சி பெற்றவர்களோ மிகச் சிலர். சில நாட் பயிற்சியுடன் பலர் களத்தில் இறக்கப்பட்டனர். ஒரே முகாமுக்குப் பல நிறுவனங்கள் செல்ல, உட்புறக் கிராமங்கள் விடுபட்டன. உளசமூகப் பணிகளை ஒருங்கிணைப்பதற்காக மட்டக்களப்பில் உழைத்த ஆனந்த கலப்பத்தி அவர்களுக்கு 2008இல் மக்சேசே விருது வழங்கப்பட்டது. பணம் மிகும்போது ஒருங்கிணைப்பே அரிய பொருளாகிறது என்பதற்கு இது சான்று.

2009இல் யுத்தம் முடிந்தது. நடுத்தர வருமான நாடு என்ற பெயரும் இலங்கைக்குக் கிடைத்தது. உதவி வழங்குவோர் வேறு நாடுகளை நோக்கித் திரும்பினர். 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு தனது வெளிநாட்டு உதவிகளை இடைநிறுத்தியதும், அவ்வாண்டு யூலை மாதத்துடன் யூ.எஸ்.எயிட் நிறுவனத்தின் பணிகள் முடிவுக்கு வந்ததும் இப்போக்கின் அண்மைய கட்டமாகும். பணம் பேரழிவின் நாட்காட்டியைப் பின்பற்றுகிறது. மனக்காயமோ அந்த நாட்காட்டியைப் பார்ப்பதில்லை.

2. ஒரு மணித்தியாலத்தின் விலை

இயந்திரம் வந்தால் வேளாண்மை வெட்டும் வேலை விரைவாகிறது, செலவும் குறைகிறது. ஆனால் கணவனை இழந்த பெண் தன் கதையைச் சொல்ல எடுக்கும் நேரத்தை எந்த இயந்திரத்தாலும் குறைக்க முடியாது. எனவே விலைவாசி உயரும்போது உளவளத்துணையின் செலவும் உயர்ந்தே தீரும்.

விளக்கத்திற்காக மட்டும் ஒரு கணக்கைப் போடுவோம். ஓர் உளவளத்துணையாளர் நாளொன்றுக்கு நால்வரைச் சந்திக்கிறார். மாதம் 20 நாட்கள். ஆக 80 சந்திப்புகள். சம்பளம் 45,000 ரூபா, மோட்டார் சைக்கிள் பெற்றோல் 6,000, மேற்பார்வையாளருக்கு 5,000, அறை, மின்சாரம், தொலைபேசி 8,000. மொத்தம் 64,000 ரூபா. ஒரு சந்திப்புக்கு 800 ரூபா.

இனி 2022ஐ நினைவுகூர்வோம். ஆண்டின் தொடக்கத்தில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல் யூன் மாத இறுதியில் 470 ரூபாவாகியது. மேற்கூறிய கணக்கில் 6,000 ரூபா ஏறக்குறைய 16,000 ஆகிறது. உளவளத்துணையாளரின் குடும்பமும் வாழ வேண்டுமென்று சம்பளத்தை 60,000 ஆக உயர்த்தினால் மொத்தம் 89,000. ஒரு சந்திப்புக்கு 1,112 ரூபா. பஸ் இல்லாமையாலும் கூலி வேலையை விட முடியாமையாலும் 50 பேர் மட்டுமே வந்தால் அது 1,780 ரூபாவாகிறது. சேவையில் எந்த மாற்றமும் இல்லை. விலை மட்டும் இருமடங்கைத் தாண்டிவிட்டது.

படுவான்கரையிலிருந்து வரும் தாய்க்கு இது மட்டும் செலவன்று. பஸ் கட்டணமும் இழந்த நாட்கூலியும் உண்டு. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது தூரத்தைக் குறைத்தது. இழந்த கூலியைக் குறைக்கவில்லை.

3. டொலரும் ரூபாவும்

வெளிநாட்டு நன்கொடை பெறும் நிலையங்களுக்கு ரூபாவின் வீழ்ச்சி நன்மை என்று சிலர் கருதுகின்றனர். 2022 தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. 10,000 டொலர் 20 இலட்சத்திலிருந்து 36 இலட்சமாகியது. ஆனால் அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பின் நுகர்வோர் விலைகள் முந்திய ஆண்டைவிட ஏறக்குறைய 70 வீதம் உயர்ந்திருந்தன. கூடிய பணத்தில் பெரும் பகுதியை விலைவாசி விழுங்கிவிட்டது. பின்னர் டொலர் 300 ரூபாவை அண்டி இறங்கியபோது அதே நன்கொடை 30 இலட்சமாகச் சுருங்கியது. விலைகளோ பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பணவீக்கம் குறைவதென்றால் விலை உயரும் வேகம் குறைவது என்பதே பொருள். அரச ஒதுக்கீட்டையும் பங்குக் காணிக்கையையும் நம்பியிருந்த நிலையங்களுக்கு அந்த இடைக்கால நன்மை கூடக் கிடைக்கவில்லை.

4. தேவை கூடும், கொடுக்கும் சக்தி குறையும்

சாதாரண வியாபாரத்தில் பொருளை விரும்புவோர் கூடினால் வருமானம் கூடும். உளவளத்துணையில் இது தலைகீழாக நிகழ்கிறது. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது விளைச்சல் வீழ்ந்தது. விவசாயியின் மனச்சுமை கூடியது, கையிருப்புக் குறைந்தது. 2022இல் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குச் சென்றனர். தாயோ தந்தையோ பிரிந்த பிள்ளைகளின் தேவை கூடியது. பயிற்சி பெற்ற பணியாளர்களையும் இப்புலப்பெயர்வு எம்மிடமிருந்து எடுத்துச் செல்கிறது.

நுண்கடன் இதிலும் கொடியது. வாராவாரம் கடன் அறவிட வருபவருக்கு அஞ்சி வீட்டைப் பூட்டி ஒளிந்த பெண்களைக் கிராமங்களில் பணியாற்றும் நாம் அறிவோம். வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018இல் அரசு தீர்மானித்தமை இத்துன்பத்தின் அளவைக் காட்டுகிறது. இத்தகைய பெண்ணிடம் மூச்சுப் பயிற்சியை மட்டும் கற்பித்து அனுப்புவது போதாது. கடன் ஒப்பந்தத்தை வாசித்து விளக்கவும் சட்ட உதவியைத் தேடித்தரவும் ஒருவர் வேண்டும்.

5. பணம் கொடுப்பவரும் பணியின் திசையும்

யார் பணம் கொடுக்கிறாரோ அவருடைய விருப்பம் பணிக்குள் நுழையும். துயருற்றவரே முழுக் கட்டணமும் கொடுத்தால், வசதியுள்ளவர் மட்டுமே வருவர். சந்திப்புகளை நீட்டும் சோதனையும் எழும். நன்கொடையாளர் கொடுத்தால், தலைகளை எண்ணும் அறிக்கையே முக்கியமாகும். கடன் கம்பனி கொடுத்தால், கடனாளியைப் பணிய வைப்பதே நோக்கமாகலாம்.

அப்படியானால் எல்லாம் இலவசமாகவும் தொண்டாகவும் நடக்கட்டும் என்பதா? இதையும் நாம் ஏற்க முடியாது. தொண்டு என்ற பெயரில் இப்பணியைச் சுமப்போரில் அநேகர் பெண்கள். 1891இல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ தொடக்கம் திருச்சபை நீதியான ஊதியத்தை வலியுறுத்தி வருகிறது. ஆலைகளுக்குப் போதிக்கும் இதனை எமது நிலையங்களிலும் கடைப்பிடிக்க வேண்டும். குறைந்த ஊதியத்தில் களைத்தவர் பணியை விட்டுச் செல்லும்போது, அவரை நம்பித் தன் உள்ளத்தைத் திறந்தவர் இரண்டாம் முறையும் கைவிடப்படுகிறார்.

6. செய்யக்கூடியவை

எமது கிராமங்களில் மரண உதவிச் சங்கங்கள் உள்ளன. மரணம் வரும் நாளில் எவரிடமும் கையேந்தாதிருக்க, முன்கூட்டியே ஒவ்வொரு குடும்பமும் சிறு தொகை கொடுக்கிறது. இதே வழியை உளவளத்துணைக்கும் கையாளலாம்.

(அ) பல கிராமங்கள் சேர்ந்து ஒரு பொது நிதியை அமைக்கலாம். அறுவடைக்குப் பின் வீட்டுக்கு ஒரு மரைக்கால் நெல், மீன்பாடு நல்ல மாதங்களில் மீனவர் சங்கத்தின் பங்கு எனப் பருவத்துக்கேற்பச் சேர்க்கலாம்.

(ஆ) நிதியை ஒரு குழு நிர்வகிக்கட்டும். யார் உதவி பெற்றார் என்பது அக்குழுவுக்குத் தெரிய வேண்டியதில்லை. சந்திப்புகளின் எண்ணிக்கை போதும். உளவளத்துணையாளர் தம் கையால் பணம் வாங்கக் கூடாது.

(இ) எந்த ஒரு மூலத்திலிருந்தும் வருமானத்தின் மூன்றிலொரு பங்குக்கு மேல் வராதபடி பார்த்துக்கொள்வது நல்லது. ஒரு கதவு மூடினாலும் வீடு இருளாது.

(ஈ) பயிற்சி கேட்கும் நிறுவனங்களிடமும் தனியார் பாடசாலைகளிடமும் உரிய கட்டணம் பெறலாம். அவ்வருமானம் ஏழைகளின் சந்திப்புகளுக்கு உதவும்.

(உ) செலவைக் குறைக்க நேர்ந்தால், கருத்தரங்குகளையும் பதாகைகளையும் முதலிற் குறைக்க வேண்டும். சம்பளமும் மேற்பார்வையும் கடைசியாகவே தொடப்பட வேண்டும்.

(ஊ) அரச சேவையை மக்கள் பயன்படுத்த உதவ வேண்டும். பிரதேச செயலக உத்தியோகத்தர், வைத்தியசாலை மனநலப் பிரிவு, தேசிய மனநல நிறுவகத்தின் 1926 தொலைபேசிச் சேவை என்பன மக்களின் வரிப்பணத்தில் நடப்பவை. நாம் செய்வது அரசின் கடமைக்கு மாற்றீடாகிவிடக் கூடாது.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் கிராமத்தில் மனச்சுமை உள்ளவர் முதலில் யாரிடம் செல்கிறார்? அதற்கு அவருக்கு என்ன செலவாகிறது?

2. உங்கள் நிலையத்தில் ஒரு சந்திப்புக்கு எவ்வளவு செலவாகிறது? மேற்காட்டிய முறையில் கணக்கிட்டுப் பாருங்கள்.

3. வரவிருக்கும் ஆண்டில் வெளிநாட்டு உதவி முற்றாக நின்றுவிட்டால், பணியின் எந்தப் பகுதியை எவ்வகையிலும் காப்பாற்றுவீர்கள்? ஏன்?

4. மரண உதவிச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இப்பொது நிதி பற்றிப் பேச யார் முன்வருவார்?