சவரக்கத்தியின் முதுகு

மாணவர்களே, உங்களுள் வட இந்திய ஊர்களில் வாழ்வோர் முடிதிருத்தகத்தில் 'உஸ்தரா' என்னும் சொல்லைக் கேட்டிருப்பீர்கள். தமிழில் அது சவரக்கத்தி. இன்று பல கடைகளில் இருப்பது, பாதியாக ஒடித்த பிளேடைச் செருகும் பிடிதான். இப்பாடமோ, தீட்டித் தீட்டிப் பல்லாண்டு பயன்படுத்தும் பழைய மடக்குக் கத்தியைப் பற்றியது.

கத்தியின் வெட்டும் விளிம்பை வாய் என்பர்; எதிர்ப்புறத்துத் தடித்த பகுதி முதுகு. இரு பக்கங்களும் சரிந்து வந்து வாயில் கூடுகின்றன. அங்கு அமையும் கோணம் சிறியதாயின் கத்தி எளிதில் வெட்டும். அவ்வாறாயின் கோணத்தைக் குறைத்துக்கொண்டே போகலாமே? போக இயலாது. கோணம் குறையக் குறைய, வாயைத் தாங்கி நிற்கும் எஃகும் குறைகிறது. வாய் வளையும், சில்லுச் சில்லாகத் தெறிக்கும்.

மயிர் எஃகைவிட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையானது. எனினும் ஒரு மயிரிழையே சவர பிளேடின் வாயைச் சில்லாக்கக்கூடும் என்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2020-ஆம் ஆண்டில் காட்டினர். மயிர் சாய்ந்து வளையும்போது, எஃகின் உள்ளமைப்புச் சீராக இல்லாத இடத்தில் சில்லு பெயர்கிறது.

அடுக்களைக் கத்திக்குக் கோணம் பெரும்பாலும் 30 முதல் 40 பாகை வரை இருக்கும். சவரக்கத்திக்கு ஏறத்தாழ 16 அல்லது 17 பாகை. இவ்வளவு சிறிய கோணத்தைக் கைப்பழக்கத்தால் மட்டும் பிடித்து நிறுத்துதல் அரிது. அப்பணியை முதுகு ஏற்றுக்கொள்கிறது. முதுகையும் வாயையும் ஒருசேரக் கல்லின்மீது கிடத்தித் தீட்டுவர். பக்கங்கள் உட்குழிவானவை, ஆதலால் வேறெப்பகுதியும் கல்லைத் தொடாது. முதுகின் தடிப்பு 5 மி.மீ., முதுகிலிருந்து வாய்வரை அகலம் 18 மி.மீ. என்றால் கோணம் 16 பாகை. தீட்டத் தீட்ட வாய் தேயும். முதுகும் உடன் தேயும். அதனால் ஆண்டுகள் பல சென்றாலும் கோணம் பெரிதும் மாறுவதில்லை. இதைக் கண்டறிந்தவர் யாராயினும் வணங்கத் தக்கவர்!

கல்லில் வாய் முன்செல்லத் தீட்டுவர்; தோல்வாரிலோ முதுகு முன்செல்ல இழுப்பர். மாறி இழுத்தால் வாய் தோலை அறுத்துவிடும்.

என் பாட்டனாரிடம் இத்தகைய கத்தி ஒன்று இருந்தது. கல்லூரி நாளில், அவருக்கு உதவுவதாக எண்ணி, தெருவில் வந்த சாணைக்காரரிடம் அதைக் கொடுத்தேன். அவர் முதுகை உயர்த்திப் பிடித்து, அரிவாளுக்குச் செய்வதுபோல் சக்கரத்தில் வைத்தார். தீப்பொறி பறந்தது, வாய் பளபளத்தது. மறுநாள் காலை பாட்டனார் கன்னத்தில் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கத்தியை மடக்கி வைத்தார். பின்னர் அக்கத்தி எங்கள் வீட்டில் பென்சில் சீவப் பயன்பட்டது.

பயிற்சி

1. இரு பக்கங்கள் 18 செ.மீ., அடிப்பக்கம் 5 செ.மீ. உடைய முக்கோணம் வரைக. உச்சிக்கோணத்தைப் பாகைமானியால் அளந்து எழுதுக.
2. முதுகின்மீது மெல்லிய நாடாவை ஒட்டித் தீட்டினால் கோணம் கூடுமா, குறையுமா? காரணம் கூறுக.
3. சாணைக்காரர் தீட்டிய பின் பாட்டனாரின் கத்தி மயிரை வழிக்காமல், பென்சிலை மட்டும் சீவியது ஏன்?
4. பிரித்து எழுதுக: உட்குழிவு, பல்லாண்டு.