சென்சார் இல்லாத செல்லை முதலில் பாருங்கள்

தென்கிழக்கு ரயில்வேக்குக் கொல்கத்தாவின் கார்டன் ரீச்சில்தான் தலைமையகம். எங்கள் வீடும் ரயில்வே வேலையை ஒட்டி இங்கே வந்து சேர்ந்ததுதான். “பாக்டீரியாவுக்குள்ள லைட் போடறியாமே?” என்று பக்கத்துக் குவார்ட்டர்ஸ் மாமி கேட்டால் ஆமாம் என்றுவிடுவேன். லைட் எரியவைப்பதில் பெரிய வித்தை இல்லை. ஒளிரும் புரதத்தின் மரபணுவைப் பிளாஸ்மிடில் ஏற்றி உள்ளே அனுப்பினால் செல்லே புரதத்தைச் செய்துகொள்ளும். அந்த வெளிச்சம் எதைச் சொல்கிறது என்று கண்டுபிடிப்பதில்தான் மாதங்கள் கரையும்.

நான் பயன்படுத்துவது ரோ-ஜிஎஃப்பி2 வகை சென்சார். ஒசாமு ஷிமோமுரா 1962-இல் ஜெல்லி மீனில் கண்ட பச்சைப் புரதத்தின் வழித்தோன்றல். செல்லுக்குள் ஆக்சிஜனேற்றம் கூடினால் இதில் புகுத்திய இரண்டு சிஸ்டீன்கள் பிணைந்துகொள்ளும். அப்போது 405 நானோமீட்டர் ஒளியில் தூண்டினால் பச்சை கூடும், 488-இல் குறையும். இரண்டின் விகிதம்தான் அளவு. சென்சார் ஒரு செல்லில் கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் விகிதம் அலையாது.

பல செல்களில் ஆக்சிஜனேற்றத்தைச் சமன்செய்யும் குளூட்டாதயோன் காசநோய்க் கிருமியில் கிடையாது. அந்த வேலையை மைக்கோதயால் பார்க்கிறது. அதனால் அமித் சிங் குழுவினர் மைக்கோதயாலோடு இயங்கும் மைக்கோரெடாக்சின்-1 என்ற புரதத்தை ரோ-ஜிஎஃப்பி2-வோடு ஒட்டி 2014-இல் வெளியிட்டார்கள். மேக்ரோஃபேஜுக்குள் புகுந்த கிருமிகள் எல்லாம் ஒரே நிலையில் இல்லை என்று அது காட்டியது. ஒடுக்க நிலையில் இருப்பவை மருந்தைத் தாங்கி நிற்கின்றன. குளோரோகுயின் சேர்த்தால் இந்தத் தாங்கும் திறன் சரிகிறது என்று அதே குழு 2019-இல் சொன்னது. மலேரியா மாத்திரை! சராசரியை மட்டும் அளந்திருந்தால் இந்த வேறுபாடு கண்ணிலேயே பட்டிருக்காது. பிளேட் ரீடரோடு நிற்காதீர்கள். ஃப்ளோ சைட்டோமீட்டரிலோ கன்ஃபோகலிலோ தனித்தனிச் செல்லாகப் பாருங்கள்.

புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, சென்சார் ஏற்றாத ஸ்ட்ரெயினையும் அதே நாளில், அதே ஊடகத்தில் வளர்த்து அளக்க வேண்டும் என்பது. மைக்கோபாக்டீரியாவில் எஃப்420 என்றொரு துணைநொதி உண்டு. 405 பக்கம் தூண்டினால் அதுவே நீலப்பச்சையாக மின்னும். அதைக் கழிக்காமல் விட்டால் செல்லில் ஆக்சிஜனேற்றம் ஏறியதுபோலத் தெரியும். மருந்தும் ஏமாற்றும். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினின் செம்மஞ்சள் நிறம் நீல ஒளியை விழுங்கும். 488 அளவு தாழ்ந்து, விகிதம் தானே உயரும். மருந்து போட்டதும் அழகாக ஏறும் கோட்டை நான் லேசில் நம்புவதில்லை.

அளவுகோலை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும். டிடிடி (டைதயோத்ரெய்டால்) ஊற்றி முழு ஒடுக்கம், க்யூமீன் ஹைட்ரோபெராக்சைடு ஊற்றி முழு ஆக்சிஜனேற்றம், இடையில் உங்கள் செல். சென்சாரின் நடுப்புள்ளி ஏறக்குறைய −280 மில்லிவோல்ட். வாசிப்பு இரண்டு ஓரங்களில் ஒன்றை ஒட்டிப் போனால், அந்த மில்லிவோல்ட் கணக்கை எழுதாமல் இருப்பதே நேர்மை. டிடிடி கரைசல் காற்றுப் பட்டாலே கெடும், கொல்கத்தாவின் மே மாதத்தில் இன்னும் சீக்கிரம். அன்றன்றைக்குக் கலக்குங்கள்.

பழகுவதற்கு மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாடிஸ் போதும். ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் இரட்டிப்பாகும். காசநோய்க் கிருமிக்கு ஒரு நாள் வேண்டும், உயர் பாதுகாப்பு ஆய்வகமும் வேண்டும். இரண்டுமே கட்டி கட்டியாகத் திரளும், ட்வீன் 80 சேருங்கள்.

ஏடிபி சென்சாருக்குத் தாவ நினைப்பவர்கள், பல வகைகள் அமிலத்தன்மைக்கும் அசைந்துகொடுக்கும் என்பதால், பிஎச் சென்சார் ஏற்றிய ஸ்ட்ரெயின் ஒன்றையும் கூடவே ஓட்டுவது நல்லது. ஆக்சிஜன் இல்லாத கல்ச்சரில் இந்தப் பச்சைப் புரதம் முதிராது, ஒளிராது. ஆகவே குப்பியை மூடும் முன்பே செல்லில் போதிய சென்சார் சேர்ந்திருக்க வேண்டும்; மூடிய பிறகு உற்பத்தியாவதை எதிர்பார்த்துக் காத்திருப்பது வீண்.