செல்லின் தராசும் சிறார் நுரையீரலும்

முத்தமிட்ட நெற்றி உப்புக் கரித்தால் அக்குழந்தை நெடுநாள் வாழாது என்று முற்காலத்து ஐரோப்பிய மக்கள் அஞ்சினர். சூனியத்தின் விளைவு என்றும் சிலர் கருதினர். மூடநம்பிக்கை என்று நாம் இதனை ஒதுக்கிவிடலாம். ஆயினும் அந்த அச்சத்தில் ஓர் உண்மை மறைந்திருந்தது. அந்த உப்பு ஒரு நோயின் அறிகுறி. நுரையீரலைச் சிறுகச் சிறுகக் கெடுக்கும் அந்நோயின் பெயர் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். நம் செல்களுக்குள் புரதங்களின் ஆக்கமும் அழிவும் எவ்வளவு நுட்பமான சமநிலையில் நடைபெறுகின்றன என்பதை இந்நோய் நமக்குக் கற்பிக்கிறது.

நோயை அறிந்த வரலாறு

நியூயார்க் நகரின் பேபீஸ் மருத்துவமனையில் பணியாற்றியவர் டாக்டர் டாரதி ஆண்டர்சன் என்னும் பெண்மணி. உணவு செரியாமல் மெலிந்து இறந்த குழந்தைகளின் உடல்களை அவர் ஆராய்ந்தார். கணையத்தில் வடுக்களும் நீர்க்கட்டிகளும், மூச்சுக்குழல்களில் கெட்டியான சளியும் இருக்கக் கண்டு, இது ஒரு தனி நோய் என்று 1938-ல் எழுதினார். 1948-ல் அந்நகரை வாட்டிய கடும் வெயிலில் மயங்கி விழுந்த குழந்தைகளில் இந்நோய் கண்டவர்கள் பலர் இருந்தனர். அவர்களைக் கவனித்த டாக்டர் பால் டி சான்ட் ஆக்னீஸ், அவர்களுடைய வியர்வையில் உப்பு மிகுந்திருப்பதை 1953-ல் உலகுக்கு அறிவித்தார். இன்றும் இந்நோயை உறுதி செய்யப் பயன்படுவது வியர்வைச் சோதனையே.

உப்பின் வாசல்

1989-ல் டொராண்டோ நகரின் லாப்-சீ சூயி, ஜான் ரியோர்டன் ஆகியோரும், மிச்சிகனைச் சேர்ந்த பிரான்சிஸ் காலின்சும் இந்நோய்க்குக் காரணமான ஜீனை 7-ஆம் குரோமோசோமில் கண்டுபிடித்தனர். அந்த ஜீனின் கட்டளைப்படி உருவாவது 1,480 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு புரதம். இது செல்லின் மேற்பரப்பில் ஒரு வாசலாக அமைகிறது. மூச்சுக்குழலில் உப்பின் ஒரு கூறான குளோரைடு இவ்வாசல் வழியே வெளியேற, நீரும் பின்தொடர்கிறது. அதனால் சளி இளகி, தூசியையும் கிருமிகளையும் சுமந்துகொண்டு வெளியேறுகிறது. வாசல் இல்லையேல் சளி பசைபோல் இறுகும், கிருமிகள் அதில் குடியேறும், நுரையீரல் புண்ணாகும். வியர்வைச் சுரப்பியிலோ இவ்வாசலின் வேலை உப்பை உடலுக்குள் திரும்ப எடுத்துக்கொள்வது. அது நடைபெறாததால் உப்பு தோலில் தங்கிவிடுகிறது. நெற்றி கரிப்பதன் காரணம் இதுவே.

கண்டிப்பான பரிசோதகர்

அமினோ அமிலங்களைக் கோத்துவிட்டால் மட்டும் புரதம் ஆகிவிடாது. அது உரிய வடிவில் மடிய வேண்டும். எண்டோபிளாச வலையில் துணைப் புரதங்கள் அதற்கு உதவுகின்றன. சரியாக மடியாதவற்றின்மீது யூபிக்விட்டின் என்னும் சிறு புரதம் முத்திரையாக ஒட்டப்படுகிறது. முத்திரை பெற்றவை புரோட்டியசோம் என்னும் பீப்பாய் போன்ற அமைப்பில் துண்டு துண்டாக வெட்டப்படுகின்றன. இம்முத்திரை முறையைக் கண்டறிந்த சீச்சனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் ஆகிய மூவருக்கும் 2004-ல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இந்தப் பரிசோதனை இல்லாவிடில் செல்லுக்குள் குப்பை சேர்ந்து செல்லே அழியும். எனவே கண்டிப்பு தேவையானதே.

ஆனால் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயில் நடப்பது என்ன? மிகப் பெரும்பாலான நோயாளிகளிடம் 508-ஆம் இடத்தில் இருக்க வேண்டிய ஃபினைல் அலனின் என்ற ஒரே ஓர் அமினோ அமிலம் விடுபட்டிருக்கிறது. அதனால் புரதம் சற்றுக் கோணலாக மடிகிறது. பரிசோதகர் அதனைப் பிடித்து ஏறத்தாழ முழுவதையும் அழித்துவிடுகிறார். 1992-ல் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு வியப்பைக் கண்டனர். இத்தகைய செல்களை வழக்கத்தைவிடக் குறைந்த வெப்பத்தில் வளர்த்தபோது, குறையுள்ள அப்புரதத்தில் ஒரு பகுதி மேற்பரப்பை அடைந்தது. வாசலாகத் திறக்கவும் செய்தது! முழுத்திறன் இல்லாவிடினும் ஓரளவு உழைக்கக்கூடிய புரதம்தான் குப்பைக்குப் போய்க்கொண்டிருந்தது.

கைகொடுக்கும் மருந்து

உடலைக் குளிர்வித்து வாழ முடியாது. ஆனால் புரதம் நேராக மடிய உதவும் மருந்தைத் தேடலாம் அல்லவா? அத்தேடலின் பயனாக 2019-ல் மூன்று மருந்துகளின் கூட்டு அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. இரண்டு மருந்துகள் புரதம் மடிய உதவுகின்றன. மூன்றாவது வாசலைத் திறந்து வைக்கிறது. கொழுகொம்பு நட்டால் கொடி நிமிர்வது போன்றது இது. எனினும் ஜீன் மாறுவதில்லை. மருந்தை நாள்தோறும் உட்கொள்ள வேண்டும். ஏற்கனவே வடுப்பட்ட நுரையீரல் பழையபடி ஆகாது. எல்லா வகைக் குறைகளுக்கும் இம்மருந்து பயன்படாது. விலையோ மிக மிக அதிகம்.

நாம் அறிய வேண்டியவை

இந்நோய் வெள்ளையருக்கே உரியது என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. இந்தியக் குழந்தைகளுக்கும் இது உண்டு என்பது இன்று தெளிவாகிவிட்டது. ஓயாத இருமல், அடிக்கடி நிமோனியா, பசித்து உண்டும் எடை ஏறாமை, எண்ணெய்ப் பசையுள்ள மலம், உப்புக் கரிக்கும் தோல் ஆகியவை இதன் அறிகுறிகள். ஆஸ்துமா என்றோ காசநோய் என்றோ தவறாக எண்ணப்படுவதால் சிகிச்சை தாமதமாகிறது. இவை சேர்ந்து காணப்பட்டால் வியர்வைச் சோதனை பற்றி மருத்துவரிடம் கேட்பது நன்று.

இந்நோய் ஒட்டிக்கொள்வதன்று, தாயின் கவனக்குறைவாலும் வருவதன்று. தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள ஜீன் வந்து சேர்ந்தால்தான் நோய் தோன்றும். பெற்றோர் இருவரும் நலமுடன் அதனைச் சுமப்பவராயின், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஆதலால் பிள்ளை நோயுற்றதற்குத் தாயைப் பழிக்கும் வழக்கத்திற்கு இங்கே சிறிதும் இடமில்லை.

அன்று முத்தத்தில் உணர்ந்த உப்பு அச்சத்தையே தந்தது. இன்று அதே உப்பு, மருத்துவரை நாடு என்று வழி காட்டுகிறது. குறையுள்ளது என்று ஒதுக்கப்பட்ட ஒரு புரதத்திற்குச் சிறிது துணை தந்ததால் எத்தனையோ பிள்ளைகள் இன்று தாராளமாக மூச்சு விடுகின்றனர். அத்துணை ஏழைப் பிள்ளைகளுக்கும் கிட்டும் நாள் விரைவில் வர இறைவனை வேண்டுவோம்; அதற்காக உழைக்கும் அறிவை நாமும் வளர்த்துக்கொள்வோம்.