ஆடிப்பெருக்குக்குக் குழந்தையோடு போகிறவர்களுக்கு

ஆடி பிறந்துவிட்டது. பதினெட்டாம் பெருக்கு ஆகஸ்டு 2 அல்லது 3-ஆம் தேதியில் வரும். ஆகவே காவிரிக் கரைக்குக் குடும்பத்தோடு போக உத்தேசித்திருப்பவர்கள், அதிலும் மடியிலோ இடுப்பிலோ ஒரு குழந்தையை உடையவர்கள், தீர்மானிக்க வேண்டியவற்றை இந்த வாரமே உட்கார்ந்து தீர்மானித்துக்கொள்வது உசிதம். முளைப்பாரிக்கு விதை தூவுவதிலும், சிறுவர்களுக்குச் சப்பரம் கட்டிக்கொடுப்பதிலும், காதோலை கருகமணி வாங்குவதிலும் காட்டுகிற சிரத்தையில் ஒரு பங்கை, அன்று குழந்தை யார் கையில் இருக்கும், எப்போது உண்ணும், எங்கே உறங்கும் என்பதிலும் காட்ட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் துறை. ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபமும் பவானி கூடுதுறையும் திருவையாற்றுப் படித்துறையும் பிரசித்தி பெற்றவைதாம். அங்கே பூஜை செய்வதில் ஒரு தனி நிறைவு உண்டு என்பதை நானும் அறிவேன். ஆயினும் இரண்டு மூன்று வயதுக் குழந்தைக்கு, பெரியவர்களின் முழங்கால்களையே பார்த்துக்கொண்டு நெரிசலில் நிற்பதைக் காட்டிலும், ஊர்க்கோடி வாய்க்கால் கரையில் ஒரு புங்க மரத்தடியில் அமர்ந்து ஓடுகிற ஜலத்தைக் காண்பதே பெரிய சந்தோஷம். வாய்க்காலில் வருவதும் காவிரிதானே! ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: ஆற்றுப் படுகையில் மணல் அள்ளிய குழிகள் புது வெள்ளத்தில் மறைந்து கிடக்கும், சென்ற கோடையில் நடந்து கடந்த இடமாயிற்றே என்ற நம்பிக்கையில் யாரும் படியை விட்டு இறங்கலாகாது.

இனி, நான் மிகவும் வற்புறுத்த விரும்புகிற விஷயத்துக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் திருவையாற்றில், எங்கள் குடும்பத்துப் பெரியவர்கள் ஒன்பது பேர் படியில் கூடி நின்று, மஞ்சள் சரடு மாற்றுவதும் விளக்கேற்றுவதுமாக இருந்தபோது, என் மூன்று வயதுப் பேரன் காணாமற் போனான். பாட்டியிடம் இருக்கிறான் என்று தாய் நினைத்திருந்தாள்; சித்தப்பா தூக்கிப்போனான் என்று பாட்டி நினைத்திருந்தாள்; சித்தப்பாவோ தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தான். வேறு யாரோ சிறுவர்கள் இழுத்துப் போன சப்பரத்தின் பின்னால் தெருமுனைவரை நடந்துபோயிருந்தவனை ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டோம் என்றாலும், அவன் தெருப்பக்கம் போகாமல் ஆற்றுப்பக்கம் போயிருந்தால் என்ற எண்ணம் இன்றுவரை என்னை விட்டபாடில்லை. ஒன்பது பேர் இருந்ததுதான் அன்று அபாயமாயிற்று. ஆகையால், அரை மணிக்கு ஒருவராக முறை வைத்து, அந்த அரை மணியில் குழந்தையைத் தவிர வேறு வேலையே இல்லாத ஒருவரை நியமியுங்கள். அவர் கையில் பூத்தட்டும் வேண்டாம், செல்பேசியும் வேண்டாம். முறை மாறும்போது, "இனி உன் பொறுப்பு" என்று வாய்விட்டுச் சொல்லி, குழந்தையைக் கையில் கொடுத்து மாறுங்கள். தண்ணீரில் தவறுகிற குழந்தை பெரும்பாலும் கூச்சலிடுவதில்லை. சத்தமில்லாமல் ஓரிரு நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும். அதற்கு ஆழமும் வேண்டியதில்லை, ஒரு சாண் ஜலமே போதும்.

சித்திரான்னத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் அந்த நாளின் இன்பத்தில் பாதி அதில்தான் இருக்கிறது. புளியோதரை தன் புளிப்பாலும் எண்ணெயாலும் மாலைவரை தாங்கும். தேங்காய் சாதமும் தயிர்சாதமும் அப்படியல்ல. வெந்த சோற்றில் சாகாமல் தங்கிவிடுகிற ஒருவகைக் கிருமியின் வித்துக்கள் வெதுவெதுப்பில் பெருகி நஞ்சைச் சுரக்கும், அந்த நஞ்சு மறுபடி சுடவைத்தாலும் அழியாது. ஆதலால் சுடுசோற்றை அப்படியே தூக்கில் அடைக்காமல், அகன்ற தாம்பாளத்தில் பரப்பி விசிறி ஆறவைத்துக் கலவுங்கள். தேங்காய் சாதத்தைக் கடைசியில் கலந்து முதலில் உண்ணுங்கள். வடித்த இரண்டு மணி நேரத்துக்குள், வெயில் கடுமையாக இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள், குழந்தைக்கு ஊட்டி முடித்துவிட வேண்டும். மீந்ததை இரவு குழந்தைக்குக் கொடுக்கும் சிக்கனம் அன்று வேண்டாம்.

தாளிக்குமுன் ஒரு கிண்ணம் சாதத்தை, மிளகாயும் வேர்க்கடலையும் கடலைப்பருப்பும் சேராமல், நெய்யும் உப்பும் மட்டும் கலந்து தனியே எடுத்துவையுங்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முழு வேர்க்கடலை மூச்சுக்குழலில் சிக்கிக்கொள்ளக்கூடும்; காப்பரிசியில் கிடக்கும் தேங்காய்ப் பல்லும் அப்படியே. சுண்டலானால் மசித்துக் கொடுக்கலாம். ஆறு மாதம் நிரம்பாத சிசுவுக்குத் தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீரும் அவசியமில்லை. தாய் அமைதியாக அமர்ந்து பாலூட்ட மண்டபத்தின் ஒரு மூலையில் வேஷ்டியைத் திரையாகப் பிடித்து இடம் செய்துகொடுப்பது ஆண்மக்களின் கடமை. மற்றக் குழந்தைகளுக்குக் கொதித்து ஆறிய நீரை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். திரும்பிவந்தபின் வயிற்றுப்போக்குக் கண்டால், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கைவசம் இல்லாவிடினும், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கரைத்துச் சிறுகச் சிறுகக் கொடுத்துக்கொண்டே வைத்தியரிடம் செல்லுங்கள்.

உணவைப் பரிமாறும்போது குழந்தைக்கும் வட்டத்தில் ஓர் இலை போட வேண்டும். பெரியவர்கள் உண்ணும்வரை அதன் கையில் ஒரு பிஸ்கத்தைத் திணித்து ஓரமாக உட்காரவைப்பது எனக்குச் சற்றும் சம்மதமில்லை. இறைத்தாலும் தானே பிசைந்து உண்ணட்டும். அத்தையின் இலையிலிருந்து ஒரு வாயும் தாத்தாவின் கையிலிருந்து ஒரு வாயுமாக அது பெறுகிற ருசி வீட்டுக் கூடத்தில் கிட்டாது.

பிரயாணத்தைப் பொறுத்தவரை, ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்கு ரயிலிலும் அரசுப் பேருந்திலும் கட்டணம் இல்லை. ஆனால் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் மடியிலேயே வதங்கும். காலை முதல் வண்டியில் போய், அது பகலில் உறங்கும் வேளைக்குமுன் வீடு சேருங்கள்.

இத்தனை ஆயத்தங்களுக்கும் மேலாக, முதல் நாள் மாலை மேட்டூர் நிலவரத்தை விசாரித்துக்கொள்ள வேண்டும். காவிரிக்கு ஆடியில் வருகிற வெள்ளம் நம் வானத்து மழையன்று. குடகிலும் வயநாட்டிலும் பெய்வது. உள்ளூரில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே ஆறு ஏறும். 1934-இல் கட்டி முடிந்த மேட்டூர் அணை தன் 120 அடியும் நிரம்பிவிட்டால், வருகிற நீரைப் பதினாறு கண் மதகு வழியே விட்டேயாக வேண்டும். அது கல்லணையை எட்ட நேரம் பிடிப்பதால், எச்சரிக்கை நமக்கு முன்கூட்டியே கிடைத்துவிடுகிறது. அப்படி அறிவிப்பு வந்த ஆண்டில் குழந்தையை ஆற்றுக்கு அழைத்துப் போகாதீர்கள். வீட்டுக் கிணற்றடியிலோ குழாயடியிலோ ஒரு செம்பில் நீர் நிறைத்து, மஞ்சளும் பூவும் இட்டு வணங்கி, அதே சித்திரான்னத்தை மொட்டைமாடி நிழலில் எல்லோருமாக வட்டமிட்டு உண்ணுங்கள்.