பொடி விற்கிறீர்களா? பேச்சையும் அளந்து போடுங்கள்!

வீட்டிலிருந்தே இட்லிப்பொடி, ஊறுகாய், பலகாரம் செய்து விற்பவர்களும் ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவர்களும் இன்று தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். கைப்பக்குவத்தில் யாரும் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் ஆர்டர் எடுக்கும்போது கேட்க மறந்த தேதி, விலை பேசும்போது இழுத்த ஒரு ‘பார்த்துக்கலாம்’, பாக்கியைக் கேட்கக் கூசிய ஒரு வாரம் என்று லாபம் கரைவதெல்லாம் பேச்சில்தான். தொழில் பேச்சுக்கு இனிமையைவிட அளவும் தேதியும் முக்கியம் என்பது என் கட்சி. இனிமையாகப் பேச நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மற்ற இரண்டுக்கும்தான் இந்தக் குறிப்புகள்.

1. போனில் பெயர், ஊர், காரியம் மூன்றையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெயரைச் சொன்ன கையோடு, “கீழத்தெருவிலிருந்து பேசுறேன். போன வாரம் பருப்புப்பொடி சாம்பிள் கொடுத்துட்டு வந்தேனே, அது விஷயமா. இப்போ பேசலாமா?” என்று கேட்டால் போதும். வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. பேசுவது யார் என்றே தெரியாமல் நலம் விசாரிப்புக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பது எதிரில் இருப்பவருக்குத் தொல்லை.

2. மளிகைக் கடையில் சரக்கு காட்டப் போவதென்றால் மாதத்தின் முதல் வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். மாதச் சாமான் சீட்டோடு கூட்டம் நிற்கும். மற்ற நாட்களில் மதியம் இரண்டு மணிக்கு மேல் நாலு மணிக்குள் போனால், கல்லாவில் இருப்பவர் நிமிர்ந்து பார்த்துப் பேசுவார். துணிக்கடைக்காரரிடம் தீபாவளிக்கு முந்தைய மாதம் எதுவுமே பேச முடியாது.

3. கல்யாண ஆர்டரில் முகூர்த்தத் தேதியை மட்டும் கேட்டுக்கொண்டால் மாட்டிக்கொள்வீர்கள். நம் ஊரில் வரவேற்பு பெரும்பாலும் முதல் நாள் மாலையே நடக்கிறது. பத்திரிகையில் ஞாயிறு என்றிருக்கும். உங்கள் முறுக்கும் அதிரசமும் சனிக்கிழமை மதியமே மண்டபத்தில் இருந்தாக வேண்டும். அதிகாலை நாலரை மணி முகூர்த்தமாக இருந்தால் ‘ஞாயிறு காலைல கொடுத்துடுங்க’ என்ற பேச்சுக்கு அர்த்தமே இல்லை. “சரக்கு மண்டபத்துக்கு எந்தத் தேதி, எத்தனை மணிக்கு வரணும்? அங்கே யார் கையில் கொடுக்கணும்? அவங்க போன் நம்பர் என்ன?” என்று கேளுங்கள். பொண்ணு வீட்டுக்காரர் ஆர்டர் கொடுத்திருப்பார், மண்டபத்தில் சாவி மாப்பிள்ளை வீட்டாரிடம் இருக்கும். இதெல்லாம் நடக்கிற கதைதான்.

தேதியிலும் சூதானம் வேண்டும். பெரியவர்கள் ‘ஆவணி அஞ்சு’ என்பார்கள். அது ஆகஸ்ட் 5 அல்ல, ஆகஸ்ட் 20ஐ ஒட்டி வரும். ‘அடுத்த வெள்ளி’ என்றால் சிலருக்கு வருகிற வெள்ளி, சிலருக்கு அதற்கும் அடுத்தது. ஆகவே கிழமை, தேதி, மாதம் மூன்றையும் சேர்த்துச் சொல்லி, அவர் வாயால் ‘ஆமாம்’ வாங்கிக்கொள்ளுங்கள்.

4. ஆர்டர் பேசி முடித்ததும், போனை வைத்த சூட்டோடு வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள். என்ன பொருள், எத்தனை கிலோ, என்ன விலை, எப்போது, அட்வான்ஸ் எவ்வளவு என்று ஐந்தே வரி. கடைசியில் “சரிதானா என்று ஒரு வார்த்தை எழுதுங்கள்” என்று சேருங்கள். அளவை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுவது நல்லது: 1.5 கிலோ (ஒன்றரை). ‘ஒன்று, அரை’ என்று காதில் விழுந்து குழம்பியவர்கள் உண்டு.

பதிலுக்குக் கட்டைவிரல் படம் வந்தால் அத்தோடு விடாதீர்கள். கனடாவில் ஆளி விதை விற்க ஒப்புக்கொண்ட விவசாயி ஒருவர், ஒப்பந்தத்தின் படம் வந்ததும் பதிலுக்கு இப்படிக் கட்டைவிரலைத்தான் அனுப்பினார். ‘கிடைத்தது என்றுதான் சொன்னேன், சம்மதம் என்று சொல்லவில்லை’ என்று வாதாடிப் பார்த்தார். 2023இல் நீதிமன்றம் அதைச் சம்மதமாகவே எடுத்துக்கொண்டு, சுமார் 82,000 கனடா டாலர் கொடுக்கச் சொல்லிவிட்டது. இரண்டு கிலோ அதிரசத்துக்கு நாம் நீதிமன்றம் போகப் போவதில்லை. அதனால்தான் ஒரு வார்த்தையை எழுத்தில் வாங்கிவிடச் சொல்கிறேன்.

5. ஆர்டர்களைக் குரல் பதிவாக அனுப்பாதீர்கள், வந்தால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பத்து நாள் கழித்து எந்தப் பதிவில் என்ன சொன்னார் என்று தேடுவதற்குள் அடுப்பில் பாகு முறிந்துவிடும்.

6. விலையைச் சொன்னதும் நிறுத்திவிடுங்கள். நம்மில் பலர் “கால் கிலோ 150 ரூபாய்ங்க” என்று சொல்லிவிட்டு, எதிரில் இருப்பவர் வாயைத் திறக்கும் முன்பே “எண்ணெய் விலை ஏறிப்போச்சு, உளுந்தும் ஏறிப்போச்சு, வேணும்னா பத்து ரூபா குறைச்சுக்கலாம்” என்று நாமே இறங்கிவிடுகிறோம். அவர் கேட்கவே இல்லை! ஐந்து விநாடி அமைதி ஒன்றும் மரியாதைக் குறைவு இல்லை, அவர் மனதுக்குள் கணக்குப் போடுகிறார்.

குறைத்துக் கேட்டால் விலையைத் தொடாமல் அளவைத் தொடுங்கள். “இந்த விலைக்குக் கீழே கட்டுப்படியாகாதுங்க. 100 கிராம் பாக்கெட்டும் இருக்கு, அதை எடுத்துப் பாருங்களேன்.” ஒருமுறை விலையைக் குறைத்துவிட்டால் அடுத்த முறை அங்கிருந்துதான் பேரமே தொடங்கும். ‘பார்த்துப் போட்டுக் கொடுங்க’ என்று சிரித்துக்கொண்டே கேட்பவரிடம் நீங்களும் சிரித்துக்கொண்டே, “பார்த்துத்தான் போட்டிருக்கேன்” என்று சொல்லலாம்.

7. சொந்தக்காரர்களிடம் ‘நமக்குள்ள என்ன காசு’ என்று பேச்சு வரும். எவ்வளவு தள்ளுபடி என்பதை நீங்களே முடிவு செய்து முதலிலேயே சொல்லிவிடுங்கள்: “சித்தி, கடைக்கு விலை 120. உங்களுக்கு 110.” சும்மா கொடுப்பதென்றால் சும்மா கொடுங்கள், அதைச் சீர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பாதி சீர், பாதி வியாபாரம் என்று வைத்துக்கொண்டால் பிறகு மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

8. கடைக்காரரிடம் சரக்கை இறக்கும் முன் நான்கு விஷயம் பேச வேண்டும். மார்ஜின் எவ்வளவு; பணம் கையோடா, பில் டு பில்லா (அடுத்த சரக்கு வரும்போது முந்தைய பில்லுக்குப் பணம்), விற்ற பிறகா; தேதி முடிந்த பாக்கெட்டை யார் ஏற்பது; பாக்கெட் கிழிந்தால் யார் கணக்கு. முதலாவதைப் பற்றி மட்டும் அரை மணி நேரம் பேசி, மற்ற மூன்றையும் ‘அதெல்லாம் பார்த்துக்கலாம் அண்ணாச்சி’ என்று விட்டுவிட்டு வருவதுதான் வழக்கம். மார்ஜினில் விட்டதைவிட ரிட்டர்னில் விடுவது அதிகமாகப் போய்விடும். முதல் முறை குறைவாகக் கொடுங்கள். பில் போட்டு, தேதி போட்டு, கடைக்காரரின் கையெழுத்தோ ரப்பர் ஸ்டாம்ப்போ வாங்கிக்கொள்ளுங்கள்.

9. ஜாக்கெட் தைப்பவர்களுக்கு: ‘கொஞ்சம் இறக்கமா’, ‘ரொம்ப டைட்டா வேணாம்’ என்பதை அப்படியே தலையாட்டி வாங்கிக்கொள்ளாதீர்கள். டேப்பை வைத்துக் காட்டி, இன்ச் எழுதி, வந்தவரையே படிக்கச் சொல்லுங்கள். அளவு ஜாக்கெட் கொடுத்தாலும், “இது உங்களுக்கு இப்போ எப்படி இருக்கு? எங்கேயாவது பிடிக்குதா?” என்று ஒரு கேள்வி அவசியம்.

10. முடியாது என்றால் முதல் நாளே சொல்லுங்கள். ‘செஞ்சு பார்க்கிறேன்’ என்பதை நாம் பாதி மறுப்பாகச் சொல்கிறோம். கேட்பவர் முழுச் சம்மதமாக எடுத்துக்கொண்டு வேறு ஆளைத் தேடாமல் இருந்துவிடுகிறார். “15ஆம் தேதிக்குள் முடியாதுங்க, 18ஆம் தேதி தரலாம். அது ஒத்துவராதுன்னா இன்னைக்கே சொல்லிடுங்க, வேற இடத்துல ஏற்பாடு பண்ணிக்கலாம்.” இதைக் கேட்டு யாரும் கோபித்துக்கொள்வதில்லை. தாமதமாகும் என்று தெரிந்தாலும் அப்படித்தான். அவர் கேட்கும் முன் நீங்கள் போன் செய்யுங்கள். கேட்ட பிறகு சொல்வதெல்லாம் சாக்காகத்தான் படும்.

11. புகார் வந்தால் குறுக்கே பேசாமல் முழுதாகக் கேளுங்கள். இது எழுத எளிது, செய்யச் சிரமம். நம் கையால் செய்த பண்டத்தைக் குறை சொன்னால் சுருக்கென்றுதான் இருக்கும். முக்கியமாக, ‘மத்தவங்க யாரும் இப்படிச் சொல்லலையே’ என்ற வாக்கியத்தை வாய்க்குள்ளேயே நிறுத்துங்கள். அவர் பொய் சொல்கிறார் என்று நாம் சொல்வதாகத்தான் அவர் காதில் விழும்.

அவர் முடித்ததும், “பாக்கெட்டைப் பிரிச்சப்பவே எண்ணெய் சிக்கு வாடை வந்துச்சுன்னு சொல்றீங்க, அப்படித்தானே?” என்று திருப்பிச் சொல்லுங்கள். பாக்கெட்டில் இருக்கும் தயாரித்த தேதியைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள், முடிந்தால் போட்டோ கேளுங்கள். பிறகு என்ன செய்யப் போகிறீர்கள், எப்போது என்று சொல்லுங்கள்: “நாளைக்குச் சாயங்காலம் வேற பாக்கெட் வந்துடும், பழையதைக் கொடுத்து விடுங்க, நானும் பார்க்கணும்.” தப்பு யாருடையது என்ற விசாரணை அப்புறம். அதே தேதியில் போட்ட மற்ற பாக்கெட்டுகள் யார் யாருக்குப் போயின என்று பார்த்து, அவர்களுக்கு நீங்களாகவே போன் செய்தால், அந்த வாடிக்கை உங்களை விட்டுப் போகாது.

அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் புகார் வந்தால் அங்கே ஒரே வரி: “மன்னிக்கணும், இப்பவே உங்களுக்குப் போன் பண்றேன்.” மீதியைத் தனியாகப் பேசுங்கள். குழுவில் நியாயம் பேசி ஜெயித்தாலும் அடுத்த மாத ஆர்டர் குறையும்.

12. வீட்டில் எல்லாரும் எடுக்கும் போன்தான் தொழிலுக்கும் என்றால், பக்கத்திலேயே நோட்டும் பேனாவும் கட்டி வையுங்கள். பிள்ளைகளிடம் சொல்லிக்கொடுக்க வேண்டியது மூன்றுதான்: யார், என்ன வேண்டும், எத்தனை மணிக்குத் திரும்பக் கூப்பிட வேண்டும். விலை கேட்டால் ‘அம்மா பேசுவாங்க’ என்று சொல்லப் பழக்குங்கள். போன தீபாவளி விலையை ஞாபகமாகச் சொல்லிவிடும் கெட்டிக்காரப் பிள்ளைகள் எல்லா வீட்டிலும் உண்டு.

13. வங்கியில் ‘ஏதாவது லோன் கிடைக்குமா சார்?’ என்று ஆரம்பிக்காதீர்கள். அதற்கு ‘அப்புறம் வாங்கம்மா’ என்ற பதில்தான் கிடைக்கும். எவ்வளவு வேண்டும், எதற்கு, மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று மூன்று வரியைத் தாளில் எழுதிப் பழகிக்கொண்டு போங்கள். “முத்ராவில் சிசு பிரிவு கேட்டு வந்திருக்கேன் சார். பொடி அரைக்கிற மிஷினுக்கு 45,000 வேணும். மிஷின் கொட்டேஷன் இருக்கு, ஆறு மாசக் கணக்கும் இருக்கு.” முத்ரா கடன் திட்டம் 2015இல் வந்தது, அதில் சிசு என்பது 50,000 ரூபாய் வரை, ஈடு தேவையில்லை. மறுத்தால் என்ன காரணம், எந்தக் காகிதம் குறைகிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள். மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் வங்கிக்கு விடுமுறை என்பதையும் மறக்க வேண்டாம்.

14. பாக்கி கேட்பது. எல்லாவற்றிலும் நமக்குக் கஷ்டமானது இதுதான். கடன் வாங்கியவர் நிம்மதியாக இருப்பார். கொடுத்த நாம் கூனிக் குறுகி, ‘அண்ணாச்சி... அந்த... ஒண்ணுமில்ல, சும்மாதான் வந்தேன்’ என்று திரும்பி வருவோம். பில் தேதி, தொகை, கெடு மூன்றையும் சொல்லி, பதிலுக்கு இரண்டு வழி கொடுங்கள்: “அண்ணாச்சி, 14ஆம் தேதி பில், 20 பாக்கெட், 1,920 ரூபாய். நேத்தோட சொன்ன நாள் முடிஞ்சுது. இப்போ ஜிபே பண்றீங்களா, நாளைக்குக் காலைல வந்து வாங்கிக்கட்டுமா?” இதில் கெஞ்சலும் இல்லை, சண்டையும் இல்லை. ‘வீட்ல கஷ்டம்’ என்று நம் கதையைச் சொல்லிக் கேட்பது எனக்குப் பிடிக்காது. கொடுத்த சரக்குக்குப் பணம் கேட்கக் காரணம் எதற்கு? கடையில் வேறு ஆட்கள் நிற்கும்போது மட்டும் கேட்காதீர்கள். அவர் கௌரவம் குறைந்தால் பணம் இன்னும் தள்ளிப்போகும்.

இரண்டு முறை கேட்டும் நகரவில்லை என்றால் மூன்றாவது முறை எழுத்தில் கேளுங்கள், புதுச் சரக்கை நிறுத்துங்கள். சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006இன்படி, பதிவு செய்த குறு, சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கியவர், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கில் மாதாமாதம் கூட்டு வட்டி ஏறும். வாங்கி விற்பவர்களுக்கு இது கிடையாது, நீங்களே தயாரிப்பவராக இருக்க வேண்டும். எடுத்த எடுப்பில் சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்தாதீர்கள். கையில் இருக்கிறது என்ற தைரியம் குரலில் தெரிந்தாலே போதும்.

இந்தச் சட்டத்தின் பயன் கிடைக்க ‘உத்யம்’ என்ற தொழில் பதிவு வேண்டும். சரக்கு கொடுக்க ஆரம்பிக்கும் முன்பே பதிந்துவிடுவது நல்லது. ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் அரசின் உத்யம் இணையதளத்தில் நீங்களே பதியலாம். கட்டணம் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. ஆயிரம் கொடுங்கள், இரண்டாயிரம் கொடுங்கள், முடித்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.