தோட்டக் கத்திகளை நீர்க்கல்லில் தீட்டும் முறை

நல்ல விதையும் நல்ல பசளையும் கமத்திற்கு எவ்வளவு இன்றியமையாதனவோ, கூரான ஆயுதமும் அவ்வளவு இன்றியமையாதது. மழுங்கிய கத்தி கொப்பை வெட்டுவதில்லை, நசுக்குகின்றது. நசுங்கிய காயம் ஆறுவதற்கு நீண்ட நாட் செல்லும். அதுவரை பங்கசும் பற்றீரியாவும் உட்புகுவதற்கு அக்காயமே வாயிலாகின்றது. தோடை, மா முதலியவற்றில் ஒட்டு வைக்கும்போது வெட்டுமுகம் மட்டமாக அமையாவிடின், அரும்பும் ஒட்டுக்கட்டையும் நன்கு பொருந்தாது ஒட்டுப் பிழைத்துவிடும். மேலும், மழுங்கிய கத்தியை அதிக பலங்கொண்டு அழுத்த நேரிடுவதால், அது வழுக்கிக் கையைப் பதம் பார்ப்பதும் உண்டு.

நீர்க்கல் என்பது யாது?

எண்ணெயின்றி, நீர் ஊற்றிப் பயன்படுத்தும் தீட்டுகல்லே நீர்க்கல்லாகும். யப்பான் தேசத்துத் தச்சரும் கொல்லரும் இதனையே பெரிதும் கையாண்டு வந்துள்ளனர். கியோத்தோ நகரையடுத்த மலைகளில் வெட்டியெடுக்கப்பட்ட இயற்கைக் கற்கள் பல நூற்றாண்டுகளாகப் புகழ் பெற்றவை. இன்று விற்கப்படுபவற்றுட் பெரும்பாலானவை செயற்கையாகச் செய்யப்பட்டவையே.

இக்கல்லின் மணிகள் இறுக்கமாகப் பிணைக்கப்பட்டவையல்ல. தீட்டும்போது தேய்ந்த மணிகள் உதிர, புதிய கூர்மணிகள் வெளித்தோன்றும். ஆகவே இது விரைவாக உருக்கைத் தேய்க்கும். நீர் இருப்பதால் அலகு சூடேறுவதில்லை. வேகமாகச் சுழலும் சாணைச் சில்லிற் பிடித்த கத்தியின் வாய் நீலநிறமாக மாறினால், அவ்விடத்தில் உருக்குப் பதமிழந்துவிட்டது என்று அறிக. நீர்க்கல்லில் இத்தீங்கு நேராது.

கல்லைத் தெரிதல்

கல்லின் இலக்கம் கூடக்கூட அதன் மணி நுண்மையாகும். வாய் உடைந்த கத்திக்கு 400 ஆம் இலக்கம் வேண்டும். வழக்கமான வேலைக்கு 1000 ஆம் இலக்கமே போதியது. ஒட்டுக்கத்திக்கு மட்டும் 3000 அல்லது அதற்கு மேற்பட்ட கல்லில் இறுதித் தீட்டுக் கொடுத்தல் நன்று. ஒரு கல் மாத்திரம் வாங்க வசதியுள்ளவர்கள் 1000 ஆம் இலக்கத்தை வாங்குக.

தீட்டும் முறை

1. முதலிற் கத்தியிலுள்ள பால், பிசின், மண் ஆகியவற்றைச் சவர்க்கார நீராற் கழுவுக. கறளைத் தேய்த்து அகற்றுக.

2. 1000 ஆம் இலக்கக் கல்லைக் குமிழிகள் எழுவது நிற்கும்வரை, ஏறக்குறைய 10 தொடக்கம் 15 நிமிடம், நீரில் அமிழ்த்தி வைக்குக. நுண்கற்கள் சிலவற்றிற்கு மேலே நீர் தெளித்தாலே போதும். சில கற்கள் ஊறினாற் பழுதடையும். ஆதலால் உறையிலுள்ள குறிப்பைப் பார்த்துக் கொள்க. எண்ணெய் எக்காரணங்கொண்டும் இடலாகாது.

3. நனைத்த சாக்கின்மேற் கல்லை வைத்தால் அது நகராது.

4. கத்தியின் சாய்வைத் தீர்மானிக்குக. முதுகைக் கல்லிலிருந்து அலகின் அகலத்தில் நாலிலொரு பங்கு உயர்த்தினால் ஏறக்குறைய 15 பாகையாகும். அரைப்பங்கு உயர்த்தினால் 30 பாகையாகும். காய்கறி வெட்டும் மெல்லிய கத்திக்கு முன்னையதும், கொப்பு வெட்டும் காட்டுக்கத்திக்குப் பின்னையதும் பொருந்தும். ஒட்டுக்கத்திக்கு ஏற்கெனவே உள்ள சரிவைக் கல்லிற் படியவைத்தாற் போதும். தொடங்கிய சாய்வை இறுதிவரை மாற்றாதிருத்தலே தீட்டுதலின் உயிர்நிலை.

5. ஒரு பக்கத்தை முன்னும் பின்னுமாகத் தீட்டுக. கல்லின்மேல் ஊறும் சேற்றைக் கழுவிவிட வேண்டாம். உருக்கைத் தேய்ப்பதில் அதற்கும் பங்குண்டு. கல் காயுமாயின் சிறிது நீர் தெளிக்குக.

6. மறுபக்கத்தில், முதுகிலிருந்து வாயை நோக்கி விரலை மெல்லத் தடவிப் பார்க்குக. நுண்ணிய பிசிர் ஒன்று தட்டுப்படும். அடியிலிருந்து நுனிவரை இப்பிசிர் தோன்றும் வரை கத்தியைத் திருப்பலாகாது. பலர் தவறுவது இவ்விடத்திலேயே.

7. பின்னர் மறுபக்கத்தையும் அவ்வாறே தீட்டுக. ஈற்றில் இரு பக்கமும் மாறிமாறி, அழுத்தத்தைக் குறைத்துத் தீட்டினாற் பிசிர் நீங்கும். ஒருபுறம் மட்டும் சரிவுள்ள ஒட்டுக்கத்தியாயின், தட்டையான பக்கத்தைக் கல்லில் முழுதும் படியவைத்து நாலைந்து முறை மெதுவாக இழுத்தல் போதும்.

விலக்குகள்

கொப்பு வெட்டும் கத்தரியில் வெட்டும் அலகின் வெளிச்சரிவை மாத்திரம் தீட்டுக. உட்பக்கத்தைச் சரித்துத் தீட்டினால் இரு அலகுகளுக்குமிடையில் வெளி உண்டாகிக் கொப்பு நசுங்கும். வளைந்த தாக்கத்திக்குச் சிறு கல்லொன்றைக் கையிற் பிடித்து, அலகின்மேற் கல்லை நகர்த்துக. பல்லுள்ள அரிவாளைத் தட்டைக் கல்லிற் தீட்டினாற் பற்கள் அழிந்துவிடும். மண்வெட்டிக்கு அரமே ஏற்றது. அதனை நீர்க்கல்லில் தேய்த்தாற் கல் பள்ளமாகும்.

கல்லைப் பேணல்

நீர்க்கல் விரைவில் நடுவிற் குழியும். குழிந்த கல்லில் நேரான வாய் அமையாது. கல்லின்மீது பென்சிலாற் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் வரைந்து, கண்ணாடித் தகட்டின்மேல் விரித்த நீர்தாங்கும் மணற்கடதாசியில், கோடுகள் யாவும் அழியும்வரை நீர்விட்டுத் தேய்க்குக. வேலை முடிந்ததும் கல்லைக் கழுவி நிழலில் உலர்த்துக.

ஒரு முக்கிய எச்சரிக்கை

கூரான கத்தி காயத்தைச் செம்மையாக்கும். ஆயின் கிருமியைக் கொல்லாது. விதை உருளைக்கிழங்கை வெட்டும் கத்தி, நோயுற்ற ஒரு கிழங்கிலிருந்து பற்றீரிய வாடல் நோயை ஏனைய கிழங்குகளுக்குப் பரப்பக்கூடும். ஆகவே வீட்டு வெளிற்றுத் திரவம் ஒரு பங்கிற்கு ஒன்பது பங்கு நீர் கலந்து, அதிற் கத்தியை அடிக்கடி தோய்க்குக. இக்கலவை உருக்கைக் கறளாக்கும் இயல்புடையது. ஆதலால் வேலை முடிந்தவுடன் நன்னீராற் கழுவித் துடைத்து, தையல் இயந்திர எண்ணெய் பூசி வைக்குக.

கத்தி முற்றாக மழுங்கும்வரை காத்திருப்பின் அதனைத் தீட்டும் வேலை பன்மடங்காகும். வேலைக்குப் புறப்படுமுன் சிறிது நேரம் கல்லில் இழுத்துக் கொள்ளும் கமக்காரருக்கு ஆயுதமும் நெடுங்காலம் உழைக்கும். மரமும் விரைவிற் காயமாறும்.