விட்டுக்கொடுக்கத் தெரிந்த தூண்டில்
கொடுவா மீனுக்கு ராடு, ரீல், நரம்பு: தேர்வும் பராமரிப்பும்

யூட்யூப்பில் "பாஸ் ஃபிஷிங்" என்று தேடினால் முதலில் வருவது அமெரிக்க ஏரி, பளபளக்கும் படகு, பெட்டி நிறைய கலர் கலராக லூர்கள். அந்த மீன் லார்ஜ்மவுத் பாஸ். நன்னீரில் வாழ்வது. நம்ம கடலோரக் கழிகளில் இருக்கும் சீ பாஸ் வேற. அதுக்கு நம்ம பெயர் கொடுவா. ஆஸ்திரேலியாக்காரங்க பாரமுண்டி என்கிறார்கள். இரண்டும் ஒரே குடும்பம்கூட கிடையாது. ஆனால் வேட்டையாடும் விதம் கிட்டத்தட்ட ஒண்ணு: பாலத் தூண், பாறை, அலையாத்தி வேர் பக்கத்தில் பதுங்கி நின்று, கடந்து போகும் இரையை ஒரே வாயில் உறிஞ்சி விழுங்கும்.

அதனால் அந்த வீடியோக்களில் சொல்லும் ராடு, ரீல் கணக்கு பாதிக்கு மேல் நமக்கும் பொருந்தும். பொருந்தாத மீதிக்குப் பெயர் உப்பு. அதை நான் கற்றுக்கொண்டது ஒரு மீனின் செலவில்.

நடந்தது

போன வருஷம் முட்டுக்காடு பக்கம் ஒரு சாயங்காலம். தண்ணீர் வத்தத் தொடங்கிய நேரம். பத்தாவதோ பதினொன்றாவதோ வீச்சில் "டம்"முன்னு ஒரு அடி. மீன் ஓட ஆரம்பித்தது. ரீல் சுற்றி நரம்பை விட்டிருக்கணும். விடவில்லை. ராடு வளைந்தது, இரண்டு நொடி, "பட்". நரம்பு அறுந்து போச்சு.

பக்கத்தில் கைநரம்பு போட்டுக்கொண்டிருந்த மீனவ அண்ணா ஒருத்தர் என் ரீலை வாங்கி, ஸ்பூலைக் கையால் திருகிப் பார்த்தார். அசையவில்லை. "கழுவுறியா தம்பி இத?" என்றார். மூன்று வாரமாக ஹாஸ்டல் கட்டிலுக்கு அடியில் கிடந்த ரீல் அது.

அவர் ஆள்காட்டி விரலில் சைக்கிள் ட்யூபில் வெட்டிய ஒரு வளையம். மீன் இழுத்தால் அந்த ரப்பர் மேல் நரம்பை வழுக்க விடுவார், நின்றால் பிடிப்பார். ரீலில் அந்த வேலையைச் செய்வதுதான் டிராக். என் ரீலில் அந்த விரல் மரத்துப் போயிருந்தது.

எனக்குப் போனது ஒரு லூர். மீன் மூன்று முனை முள் இரண்டோடு போனது. அது முள்ளை உதறித் தள்ளியிருக்கலாம், தள்ளாமலும் இருந்திருக்கலாம். இந்தக் கட்டுரையே அதுக்காகத்தான்.

எதை வாங்குவது?

2 முதல் 4 கிலோ கொடுவாவை மனதில் வைத்து, கரையில் நின்று வீசும் ஒரு ஆரம்ப செட்:

ராடு: 7 அடி, மீடியம் அல்லது மீடியம் ஹெவி. கைப்பிடிக்கு மேலே எழுதியிருக்கும் லூர் எடையைப் பாருங்கள்; 10 முதல் 30 கிராம் வரை வீசக்கூடியது சரி. கடையில் ஒவ்வொரு கைட் வளையத்துக்குள்ளும் கொஞ்சம் பஞ்சை நுழைத்து இழுங்கள். பஞ்சு சிக்கினால் உள்ளே கீறல் இருக்கு. அது நரம்பை ரம்பம் மாதிரி அறுக்கும்.

ரீல்: 3000 அல்லது 4000 சைஸ் ஸ்பின்னிங் ரீல். 5.2:1 என்றால் கைப்பிடி ஒரு சுற்றுக்கு ரோட்டர் 5.2 சுற்று. ஸ்பூல் விட்டம் 48 மி.மீ. என்றால் ஒரு சுற்றுக்கு 3.14 × 48 × 5.2, அதாவது சுமார் 78 செ.மீ. நரம்பு உள்ளே வரும். இந்த வேலைக்குப் போதும். பெட்டியில் "12 பேரிங்" என்று பெருசாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். நரம்பைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். டிராக் ஒரே சீராக வழுக்கணும். முதலில் இறுகி நின்று, அப்புறம் திடீரென்று விட்டால் அந்த ரீல் வேண்டாம். ஸ்டாட்டிக் ஃப்ரிக்‌ஷன், கைனட்டிக் ஃப்ரிக்‌ஷன் வித்தியாசம் நமக்குத் தெரியாததா?

நரம்பு: 20 பவுண்டு பின்னல் நரம்பு, அதாவது பிரெய்டு. சாதாரண நைலான் ரப்பர் மாதிரி நீளும். பிரெய்டு அநேகமாக நீளாது. தூரத்தில் மீன் தொட்டாலும் கையில் தெரியும். ஆனால் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும் நீட்சி இல்லாததால் முழுப் பொறுப்பும் ராடு மேலும் டிராக் மேலும் விழும்.

லீடர்: பிரெய்டின் முனையில் ஒரு மீட்டர், 30 முதல் 40 பவுண்டு நைலான் அல்லது ஃப்ளூரோகார்பன். இதை விட்டுடாதீங்க. கொடுவாவின் செவுள் மூடி ஓரம் கத்தி மாதிரி. மெல்லிய பிரெய்டு அதில் உரசினால் முடிஞ்சது கதை. உங்க விரலும்தான்; செவுளுக்குள் கைவிட்டுத் தூக்காதீர்கள்.

முடிச்சு எதுவானாலும், இறுக்குவதற்கு முன் எச்சில் தொட்டு ஈரப்படுத்துங்கள். உலர்ந்த நைலானை இழுத்து இறுக்கினால் உரசல் சூட்டிலேயே பலம் குறையும்.

டிராக் எவ்வளவு வைப்பது?

20 பவுண்டு என்றால் சுமார் 9 கிலோ. அப்படியென்றால் டிராக்கை 8 கிலோவில் வைக்கலாமே? கூடாது. பொதுவான விதி, நரம்பின் பலத்தில் கால் பங்கு. ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

டிராக் கொடுப்பது டார்க். நரம்பில் வரும் இழுவிசை அந்த டார்க்கை ஆரத்தால் வகுத்தது. ஸ்பூல் நிறைந்திருக்கும்போது ஆரம் 24 மி.மீ., டிராக் 2 கிலோ என்று வைப்போம். மீன் நரம்பை இழுத்துக்கொண்டு ஓடி ஆரம் 18 மி.மீ. ஆனால், நாம் எதையும் தொடாமலே இழுவிசை 2 × 24 ÷ 18 = 2.67 கிலோ.

அடுத்து, ராடு 90 டிகிரி வளையும்போது நரம்பு கைட் வளையங்களில் உரசுகிறது. முதல் வருஷ மெக்கானிக்ஸில் படித்த பெல்ட் ஃப்ரிக்‌ஷன் அதேதான். உராய்வுக் குணகம் 0.1 என்று எடுத்தால் இன்னும் 17 சதவீதம் கூடும். இப்போ 3.1 கிலோ. இதற்கு மேல் முடிச்சில் குறையும் பலம், மீன் தலையை உதறும் ஒவ்வொரு ஜெர்க். கால் பங்கு விதி பயந்தவன் விதி இல்லை என்று புரிகிறதா?

வைப்பது சுலபம். ஊருக்குப் போகும்போது பை எடை பார்க்கும் கொக்கித் தராசை நரம்பு முனையில் மாட்டுங்கள். ராடை நேராகத் தராசை நோக்கி நீட்டுங்கள். நண்பனை இழுக்கச் சொல்லி, 2 கிலோவில் ஸ்பூல் சுற்றும் வரை திருகைச் சரிசெய்யுங்கள். மீன் ஓடும்போது பதற்றத்தில் இறுக்கத் தோன்றும். தொடாதீர்கள்.

வீடு திரும்பியதும் பத்து நிமிஷம்

1. கழுவும் முன் டிராக் திருகை முழுசா இறுக்குங்கள். வாஷர்களுக்குள் தண்ணீர் போகாமல் இருக்க.

2. ரீலை வாளியில் முக்காதீர்கள், குழாயை வேகமாகத் திறந்து அடிக்காதீர்கள். வெளியே இருக்கும் உப்பையும் மணலையும் அதுவே உள்ளே தள்ளும். மக்கில் எடுத்து மெதுவாக ஊற்றி, துணியால் துடைத்தால் போதும்.

3. ஹாஸ்டலில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதில் கழுவிப் பிரயோஜனம் இல்லை. ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீர் அதைவிட மோசம். உப்பு சேருவதே அதில்தான். அரை பாட்டில் குடிநீரும் ஒரு பழைய பனியன் துணியும் வேலையை முடித்துவிடும்.

4. துடைத்ததும் டிராக்கைத் தளர்த்தி நிழலில் காய வையுங்கள். இறுக்கியே வைத்தால் வாஷர்கள் அழுந்திக் கிடந்து ஒட்டிக்கொள்ளும். என் ரீலில் உப்போடு சேர்ந்து நடந்தது இதுதான்.

5. நரம்பு திரும்பும் லைன் ரோலரில் ஒரு சொட்டு ரீல் ஆயில். அது சுற்றாமல் நின்றால் நரம்பு ஒரே இடத்தில் தேயும். பேரிங்குக்கு ஆயில், கியருக்கு கிரீஸ். துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கும் ஸ்பிரேயை உள்ளே அடித்தால் இருக்கும் கிரீஸும் கரைந்துவிடும்.

6. நனைந்த லூரை அப்படியே பெட்டியில் போடாதீர்கள். ஒரு முள்ளின் துரு பெட்டி முழுக்கப் பரவும். கழுவி, காய்ந்த பிறகு உள்ளே. துருப்பிடித்த முள், விரிந்த வளையம் இரண்டையும் மாற்றுங்கள்.

7. அடுத்த முறை கிளம்பும் முன் நரம்பின் முதல் இரண்டு மீட்டரை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் வெட்டிவிட்டு புதுசா முடிச்சுப் போடுங்கள். வெட்டிய துண்டு பாக்கெட்டுக்குள். கரையில் போட்டால் நாளைக்கு ஒரு கொக்கின் காலில் சுற்றும்.

இன்னொன்று: கார்பன் ராடு மின்சாரம் கடத்தும். மின்கம்பிக்குக் கீழே வீச வேண்டாம். இடி இடித்தால் மடக்கிவிட்டுக் கிளம்புங்கள்.

மீனுக்காக ரெண்டு வேலை

முள்ளின் உட்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கொக்கியை பிளையரால் அழுத்தி மடக்குங்கள். நரம்பு டைட்டாக இருக்கும்வரை மீன் அவ்வளவு லேசில் கழன்றுவிடாது. ஒருவேளை நரம்பு அறுந்தால், அதுவாக உதறிக்கொள்ள ஒரு வழி இருக்கும்.

பெரிய கொடுவா கிடைத்தால் ஒரு போட்டோ எடுத்துவிட்டு சீக்கிரம் விட்டுவிடுங்கள். கொடுவா முதலில் ஆணாக வளர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும். அதனால் பெரியவை பெரும்பாலும் முட்டையிடும் தாய்கள். முட்டுக்காட்டில் சோதனை நிலையம் வைத்திருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-இல்தான் இந்தியாவில் முதல்முறையாகக் கொடுவாவைக் குஞ்சு பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்ய வைத்தது. விஞ்ஞானிகள் அவ்வளவு பாடுபட்ட வேலையைக் கழிமுகத்தில் ஒரு தாய் மீன் சும்மா செய்துகொண்டிருக்கு.

அந்த ரீல் இன்னும் என்னிடம்தான் இருக்கு. பிரித்து, வாஷர்களை உப்பு போகத் துடைத்து, டிராக் கிரீஸ் தடவி மாட்டினேன். போன மாதம் அதே இடத்தில் ஒரு சின்ன கொடுவா, ஒன்றரை கிலோ இருக்கும். ஓடியது. ரீல் "கிர்ர்ர்"என்று நரம்பை விட்டது. அந்த அண்ணா தலையைத் திருப்பாமலே, "இப்ப கழுவுற போல" என்றார்.